மூல ஸ்லாவிய *மெது: தோற்றமும் வேற்றுமைத் திரிபும்

முன்னுரை

எழுத்தில் ஒருமுறையேனும் பதிவு பெறாத ஒரு மொழியின் பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை வாய்பாடு வகுக்க இயலுமா? வகுத்தால் அது வரலாற்று உண்மையா, ஆய்வாளரின் ஊகமா? ஒப்பியல் மொழிநூல் தோன்றிய நாள்முதல் இவ்வினாக்கள் எழுப்பப்பட்டு வருகின்றன. சொல்லின் வேர்ப்பகுதியை மீட்டுருவாக்கம் செய்வதை ஏற்பவருள்ளும் சிலர், உருபுகளையும் ஈறுகளையும் மீட்டெடுப்பதை ஐயத்தோடே நோக்குகின்றனர். ஈறுகள் எளிதில் தேய்வன, ஒன்றன் இடத்தை மற்றொன்று கவர்வன என்பதே அவர் கூறும் காரணம்.

தேனையும் தேனிலிருந்து வடிக்கப்பெறும் மதுவையும் குறித்த மூல ஸ்லாவியச் சொல்லாகிய *மெது என்பதை எடுத்துக்கொண்டு இவ்வினாக்களுக்கு விடை காண முயல்கிறது இக்கட்டுரை. இச்சொல் சார்ந்திருந்த உகர ஈற்றுப் பெயர் வகுப்பு இன்றைய ஸ்லாவிய மொழிகள் எவற்றிலும் தனி வகுப்பாக இல்லை. ஆயினும் அவ்வகுப்பின் ஈறுகள் அழியவில்லை. தம்மை விழுங்கிய பெருவகுப்பிலேயே அவை நிலைபெற்றுப் பரவின. எளிதில் தேய்வன எனக் கருதப்படும் ஈறுகளே இச்சொல்லின் வரலாற்றுக்கு உறுதியான சான்றுகளாக அமைகின்றன என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சான்றுகளின் இயல்பு

ஸ்லாவிய மொழிக்கு எழுத்து வழக்கு ஏற்பட்டது கி.பி. 863ஆம் ஆண்டளவில் கான்ஸ்டன்டைன் (சிரில்), மெதோடியஸ் என்னும் உடன்பிறந்தார் இருவர் மொராவியா நாட்டிற்குச் சென்றதை ஒட்டியே ஆகும். அவர்கள் உருவாக்கிய மொழிபெயர்ப்பு மொழி பழைய திருச்சபை ஸ்லாவியம் எனப்படுகிறது. அம்மொழியில் இன்று கிடைக்கும் கையெழுத்துப் படிகள் பெரும்பாலும் 10, 11ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை. ஸ்லாவியக் கிளைமொழிகள் பிரியத் தொடங்கியதோ அதற்கும் முற்பட்ட காலத்தில். எனவே, அவற்றுக்கெல்லாம் தாயாகிய மூல ஸ்லாவியம் எழுத்துச் சான்று அற்றது. அதன் சொற்களுக்கு முன் இடப்பெறும் உடுக்குறி, அவ்வடிவம் கிடைத்த வடிவமன்று, மீட்டெடுத்த வடிவம் என்பதை உணர்த்துகிறது. இக்குறியைப் பரவலாக வழங்கச் செய்தவர் 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய அறிஞர் ஆகஸ்ட் ஷ்லைஹர் ஆவார்.

ஸ்லாவிய ஒப்பியல் ஆய்வு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்றது. பழைய திருச்சபை ஸ்லாவியத்தின் இரு சிறப்பெழுத்துகள் மூக்கொலி உயிர்களைக் குறிப்பன என்பதை 1820இல் அலெக்சாண்டர் வொஸ்தோகோவ் வெளியிட்டார். 1822இல் யோசெஃப் தோப்ரோவ்ஸ்கி அம்மொழிக்கு விரிவான இலக்கணம் ஒன்றை இலத்தீனில் வெளியிட்டார். 1876இல் ஆகஸ்ட் லெஸ்கீன் எழுதிய, ஸ்லாவிய-லிதுவேனிய, ஜெர்மானிய வேற்றுமைத் திரிபு பற்றிய நூலே ஒலி விதிகளுக்கு விலக்கில்லை என்னும் கொள்கையை வெளிப்படையாக முன்வைத்தது. அக்கொள்கையின் பிறப்பிடம் வேற்றுமை ஈறுகளைப் பற்றிய ஒரு நூலாக அமைந்தது கருதத்தக்கது. ஈறுகள் ஒழுங்கற்றவை போலத் தோன்றுவதனாலேயே அவற்றின் ஒழுங்கைக் காண்பதற்குக் கடுமையான நெறி வேண்டியிருந்தது.

இக்கட்டுரையில் ஸ்லாவிய வடிவங்கள் தமிழ் எழுத்தில் தரப்படுகின்றன. மூல ஸ்லாவியத்தில் மிகக் குறுகி ஒலித்த இரு உயிர்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று உகரச் சாயலும் மற்றொன்று இகரச் சாயலும் உடையன. அரை மாத்திரையளவாகத் தொல்காப்பியர் கூறும் குற்றியலுகரத்தையும் குற்றியலிகரத்தையும் அறிந்த தமிழ் வாசகர்க்கு இவற்றின் இயல்பை விளக்க வேண்டியதில்லை. இங்குக் குறில் உகரமும் குறில் இகரமும் அக்குறுகிய ஒலிகளைக் குறிக்கும். ஊகாரமும் ஈகாரமும் முழுமையாக ஒலித்த உயிர்களைக் குறிக்கும். உகரத்திற்கும் இகரத்திற்கும் இடைப்பட்ட ஒலியும் ஈகாரத்தாலேயே எழுதப்படுகிறது. *மெது என்பதிலுள்ள தகரம் அதிர்வொலியாகும்.

சொல்லின் தோற்றம்

*மெது என்பதன் இனச்சொற்கள் ஐரோப்பாவின் மேற்கெல்லை முதல் நடு ஆசியா வரை காணப்படுகின்றன. வடமொழியில் மது, அவெஸ்தா மொழியில் மது, கிரேக்கத்தில் மெத்து, லிதுவேனியத்தில் மெதுஸ், லாத்வியத்தில் மெதுஸ், பழம் பிரஷ்யத்தில் மெத்தோ, பழைய ஆங்கிலத்தில் மெது, பழைய ஐரிஷ் மொழியில் மித், தோகாரிய மொழியின் ‘பி’ கிளையில் மித் என அவை அமைகின்றன. இவற்றிற்கெல்லாம் மூலமாக அறிஞர் கொள்ளும் இந்தோ-ஐரோப்பிய வடிவமும் *மெது என்பதே. ஆயின் அம்மூல வடிவத்தின் தகரம், வடமொழித் தவருக்கத்தின் நான்காம் எழுத்தைப் போல மூச்சொலியுடன் கூடியது. தமிழில் வழங்கும் மது என்னும் சொல் வடமொழி வழியாக வந்து சேர்ந்தது. அவ்வகையில் அதுவும் இக்குடும்பத்தின் தொலைதூர உறுப்பாகிறது.

இச்சொல்லின் பொருள் எல்லா மொழிகளிலும் ஒன்றன்று. கிரேக்கத்தில் அது திராட்சை மதுவைக் குறிக்கிறது. ஜெர்மானிய, கெல்டிய மொழிகளில் தேனிலிருந்து வடித்த மதுவை மட்டும் குறிக்கிறது. ஸ்லாவியத்திலும் வடமொழியிலும் தேன், மது என்னும் இரு பொருளும் உண்டு. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் தேனைக் குறித்த மற்றொரு தொன்மையான சொல்லின் நிலையில் காணக் கிடக்கிறது. *மெலித் என மீட்டெடுக்கப்பெறும் அச்சொல் கிரேக்கத்தில் மெலி எனவும், இலத்தீனில் மெல் எனவும், கோத்தியத்தில் மிலித் எனவும், ஹிட்டைட்டு மொழியில் மிலித் எனவும் தேனுக்குரிய பெயராக வழங்கியது. கிரேக்கம், ஜெர்மானியம், கெல்டியம் ஆகியவற்றில் *மெலித் தேனைக் குறித்து நின்றமையால் *மெது குடிப்பொருளோடு நின்றது. ஸ்லாவியம், பால்டியம், இந்தோ-ஈரானியம் ஆகியவற்றில் *மெலித் வழக்கிழந்ததால் தேனின் பெயரும் *மெதுவையே சார்ந்தது. ஒரு சொல்லின் பொருளெல்லையை அதன் பக்கத்துச் சொல்லே வரையறுக்கிறது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்திற்கு வெளியிலும் இச்சொல் பரவியது. பின்னிய மொழியில் தேனைக் குறிக்கும் மெஸி (அடி வடிவம் மெதெ-), ஹங்கேரிய மொழியில் வழங்கும் மேஸ் ஆகியவை மிகப் பழங்காலக் கடன்சொற்கள் என்பர். சீன மொழியில் தேனைக் குறிக்கும் மி என்னும் சொல் தோகாரியத்திலிருந்து பெறப்பட்டது என்னும் கருத்தும் பரவலாக ஏற்கப்படுகிறது. கடன் கொண்ட மொழிகள் தொடர்பற்ற வெவ்வேறு குடும்பங்களைச் சார்ந்தவை என்பதால், இவை மீட்டுருவாக்கத்திற்குப் புறச்சான்றுகளாக நின்று துணைபுரிகின்றன.

பண்பாட்டுப் பின்னணி

ஸ்லாவியர் வாழ்ந்த காட்டு நிலங்களில் திராட்சை வளரவில்லை. தேன் மிகுதியாகக் கிடைத்தது. மரப்பொந்துகளில் தேனீக்களைப் பேணித் தேனெடுக்கும் தொழில் அங்கு நெடுங்காலம் நிலவியது. பழைய ருஷ்யச் சட்டத் தொகுப்பாகிய ‘ரூஸ்கயா பிராவ்தா’ தேனீ மரங்களுக்குத் தீங்கு செய்வோர்க்குத் தண்டம் விதிக்கிறது.

கி.பி. 449ஆம் ஆண்டளவில் ஹூணர் தலைவன் அத்திலாவின் அவைக்குத் தூது சென்ற ப்ரிஸ்கஸ் என்னும் கிரேக்கர், வழியிலிருந்த ஊர்மக்கள் திராட்சை மதுவுக்கு மாறாக ‘மெதொஸ்’ எனத் தம் மொழியில் வழங்கிய குடிப்பொருளைத் தந்தனர் என்று குறித்துள்ளார். இது ஸ்லாவியச் சொல் எனச் சிலர் கருதுவர். கோத்திய மொழியில் இச்சொல் இகரம் பெற்று மிதுஸ் என்றே இருந்திருக்கும் என்பதால் அது கோத்தியச் சொல்லாதல் அரிது. எனினும் அப்பகுதியில் பல மொழியினர் கலந்து வாழ்ந்தமையாலும், இறுதியிலுள்ள ‘-ஒஸ்’ கிரேக்க ஈறு ஆதலாலும், இதனை ஸ்லாவியத்திற்கே உரியதென அறுதியிடுவது பொருந்தாது.

12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுக்கப்பெற்ற ‘கடந்த ஆண்டுகளின் வரலாறு’ என்னும் ருஷ்ய நூல் தரும் சான்றுகள் தெளிவானவை. 945ஆம் ஆண்டு நிகழ்ச்சியில், கொலையுண்ட தன் கணவன் ஈகோரின் நினைவுச் சடங்கிற்கு மிகுதியான மது வடிக்குமாறு அரசி ஓல்கா திரெவ்லியரைப் பணிக்கிறாள். அடுத்த ஆண்டின் முற்றுகையில் அதே திரெவ்லியர் தேனும் மென்மயிர்த் தோலும் திறையாகத் தர இசைகின்றனர். 969ஆம் ஆண்டுப் பகுதியில் ருஷ்ய நாட்டிலிருந்து வரும் பொருள்களாகத் தோல், மெழுகு, தேன், அடிமைகள் ஆகியவற்றை ஸ்வியாதொஸ்லாவ் எண்ணுகிறான். 996இல் விளாதிமிர் எடுத்த விழாவில் 300 கொப்பரை மது வடிக்கப்பட்டதாக அந்நூல் கூறுகிறது. திறை, வணிகம், சடங்கு, விழா ஆகிய நான்கிலும் இடம்பெற்ற பொருளின் பெயர் நாள்தோறும் மக்கள் வாயில் வழங்கியிருக்கும். அடிக்கடி வழங்கும் சொற்களே பழைய திரிபுகளை நெடுங்காலம் காக்கும் என்பது மொழிநூலார் கண்ட பொது உண்மை.

பால் மாற்றம்

வடமொழி மது நபுஞ்சகப் பாலது. பழம் பிரஷ்ய மெத்தோவும் அப்பாலதே. ஸ்லாவிய *மெதுவோ ஆண்பாற்சொல். இம்மாற்றத்திற்குக் காரணம் ஒலித்தேய்வே ஆகும். ஆண்பால் எழுவாய் ஈறாகிய ‘-உஸ்’, இரண்டாம் வேற்றுமை ஈறாகிய ‘-உம்’, நபுஞ்சகப் பாலின் எழுவாய்க்கும் இரண்டாவதற்கும் பொதுவான ‘-உ’ ஆகிய மூன்றும் இறுதி மெய் கெட்ட பின் குறுகிய உகரமாகவே எஞ்சின. வேறுபடுத்தும் அடையாளம் மறைந்ததும், நபுஞ்சகப் பாற்சொல் எண்ணிக்கையில் மிக்க ஆண்பாற்சொற்களோடு சேர்ந்தது. லிதுவேனிய மெதுஸ் ‘-உஸ்’ ஈற்றை வெளிப்படையாகவே பெற்று ஆண்பாலாயிற்று. ஸ்லாவியத்திலோ சொல்லின் எழுவாய் வடிவம் சிறிதும் மாறாமலே பால் மாறியது.

வேற்றுமைத் திரிபு

மூல ஸ்லாவியப் பெயர்கள் அடியின் ஈறு நோக்கி வகுப்புகளாகப் பிரிக்கப்படுகின்றன. ஆண்பாற் பெயர்களுள் பெரும்பாலானவை ஒகர ஈற்று வகுப்பைச் சார்ந்தவை. உகர ஈற்று வகுப்போ மிகச் சிறியது. மகன் (*ஸீனு), வீடு (*தொமு), எருது (*வொலு), உச்சி (*விர்ஹு), பாதி (*பொலு), தேன் (*மெது) எனும் ஆறு சொற்களே அதன் உறுதியான உறுப்புகளாகப் பொதுவாகச் சுட்டப்படுகின்றன. ஐயத்திற்குரிய வேறு சிலவும் உண்டு. இவ்விரு வகுப்புகளின் ஒருமைத் திரிபு, இருக்கையைக் குறிக்கும் ஒகர ஈற்றுச் சொல்லாகிய *ஸ்தொலு என்பதோடு ஒப்பிட்டுக் கீழே தரப்படுகிறது.

எழுவாய்: மெது – ஸ்தொலு
இரண்டாவது: மெது – ஸ்தொலு
மூன்றாவது: மெதுமி – ஸ்தொலொமி
நான்காவது: மெதொவீ – ஸ்தொலூ
ஆறாவது: மெதூ – ஸ்தொலா
ஏழாவது: மெதூ – ஸ்தொலே
விளி: மெதூ – ஸ்தொலெ

பன்மையில் எழுவாய் மெதொவெ – ஸ்தொலீ எனவும், ஆறாவது மெதொவு – ஸ்தொலு எனவும் அமையும். ஐந்தாம் வேற்றுமை ஸ்லாவியத்தில் தனித்து நிற்கவில்லை, ஆறாவதனோடு கலந்துவிட்டது. ஸ்தொலா என்னும் ஆறாம் வேற்றுமை வடிவமே பழைய ஐந்தாம் வேற்றுமையிலிருந்து வந்ததாகும்.

மெதூ, மெதொவீ என்னும் இரு வடிவங்கள் ஓர் அடியினின்றே எவ்வாறு பிறந்தன என்பது விளக்கத்திற்குரியது. இந்தோ-ஐரோப்பிய உகர அடிகள் சில வேற்றுமைகளில் குறுகிய உகரமாகவும், வேறு சிலவற்றில் அவ்வுகரத்திற்கு முன் எகரமோ ஒகரமோ பெற்று நீண்ட வடிவமாகவும் வரும். வடமொழிச் சந்தி இலக்கணத்தில் குணம் எனப்படும் உயிர்மாற்றம் இதுவே. மகனைக் குறிக்கும் ஸூநு என்னும் வடசொல்லின் திரிபை நோக்கினால் ஸ்லாவியத் திரிபின் அமைப்பு விளங்கும். ஆறாவது ஸூநோஃ, நான்காவது ஸூநவே, ஏழாவது ஸூநௌ, விளி ஸூநோ, பன்மை எழுவாய் ஸூநவஃ என அது திரியும். வடமொழியில் ஓகாரமும் ஔகாரமும் வரும் இடங்களில் ஸ்லாவியத்தில் ஊகாரம் வருகிறது. ‘அவ்’ வரும் இடங்களில் ‘ஒவ்’ வருகிறது. கூட்டுயிருக்குப் பின் மெய் வந்தாலும் சொல் முடிந்தாலும் அது ஓருயிராகச் சுருங்கும். பின் உயிர் வந்தால் அதன் இறுதிப் பகுதி வகர மெய்யாக நிற்கும். இவ்விதி இரு மொழிக்கும் பொதுவானது.

ஸ்லாவியத்திற்கு மிக நெருங்கிய லிதுவேனியம் கூட்டுயிரை இன்றும் காத்து நிற்கிறது. மெதுஸ் என்பதன் ஆறாவது மெதௌஸ்; மூன்றாவது மெதுமி. மெதௌஸ் என்பதில் இறுதி ஸகரம் கெட்டு, ஔகாரம் ஊகாரமானால் ஸ்லாவிய மெதூ கிடைக்கும். இவ்விரு மாற்றங்களும் ஸ்லாவியத்தில் பிற சொற்களிலும் ஒழுங்காக நிகழ்பவை. இச்சொல்லுக்கெனத் தனியே கற்பித்தவை அல்ல. மது என்னும் வடசொல்லையே ஒப்பிடாமல் ஸூநுவை ஒப்பிடுவதற்கும் காரணம் உண்டு. நபுஞ்சகப் பாலதாகிய மதுவின் ஆறாவது ரிக்வேதத்திலேயே மத்வஃ, மதோஃ, மதுநஃ என மூவகையாக வருகிறது. அதன் திரிபு அங்கேயே ஒருமைப்பாடின்றி நிற்றலின், ஆண்பாற் சொல்லே தக்க அளவுகோலாகிறது.

கரடியின் பெயர் தரும் சான்று

மீட்டெடுத்த அடி உகர ஈற்றதே என்பதற்கு வேற்றுமைத் திரிபிற்குப் புறத்தேயும் ஒரு சான்று உண்டு. கரடியைக் குறிக்கும் மூல ஸ்லாவியச் சொல் *மெத்வேதி என்பதாகும். ருஷ்யத்தில் மெத்வேத், செக் மொழியில் மெத்வ்யெத் என அது வழங்குகிறது. போலிஷ் மொழியில் முதலெழுத்தாகிய மகரம் நகரமாகத் திரிந்துள்ளது. உக்ரைனியத்தில் மகரமும் வகரமும் இடம் மாறியுள்ளன. இதன் பொருள் ‘தேன் தின்பது’. கரடிக்குரிய பழைய இந்தோ-ஐரோப்பியப் பெயர் வடமொழியில் ருக்ஷ எனவும், கிரேக்கத்தில் அர்க்டொஸ் எனவும், இலத்தீனில் உர்ஸுஸ் எனவும் நிலைத்திருக்க, ஸ்லாவியத்தில் அது இல்லை. கொடிய விலங்கின் பெயரைச் சொல்ல அஞ்சி வேறு பெயரால் சுட்டிய வழக்கே இதற்குக் காரணம் என்பது பெரும்பான்மையோர் கருத்து.

பிற்காலத்தார் இச்சொல்லை ‘தேனை அறிவது’ எனப் பிரித்துப் பொருள் கண்டனர். ‘அறி’ எனப் பொருள்படும் வேத்- என்னும் வேர் ஸ்லாவியத்தில் உள்ளமையால் இவ்விளக்கம் இயல்பாகத் தோன்றியது. ஆயினும் அது பொருந்தாது. சொல்லைப் பிரிக்க வேண்டிய முறை மெத்வ் + ஏதி என்பதே. இங்கு வரும் வகரம் இரண்டாம் பகுதிக்கு உரியதன்று. *மெதுவின் ஈற்று உகரமே உயிர்முன் வகரமாக நிற்கிறது. *மெது ஒகர ஈற்றுச் சொல்லாக இருந்திருப்பின் இவ்வகரத்திற்கு இடமே இல்லை. ரிக்வேதத்தின் முதல் மண்டலம் 164ஆம் பாடலில் மரத்திலமர்ந்து இனிய கனி உண்ணும் பறவைகளுக்கு அடைமொழியாக வரும் மத்வத் என்னும் சொல்லும் இவ்வாறே மது + அத் எனப் பிரிவது. இவ்விரு சொற்களும் ஒரே அமைப்பின; ஒன்று பறவைக்கும் மற்றொன்று கரடிக்கும் ஆயிற்று.

இக்கூட்டுச்சொல்லில் மற்றொரு நுட்பமும் உண்டு. முதற்பகுதியில் எகரம் குறிலாக இருக்க, இரண்டாம் பகுதியில் ஏகாரம் நெடிலாக உள்ளது. இரண்டிற்கும் பின் வருவது ஒரே தகரம். வடமொழியில் மதுவின் தகரம் தவருக்கத்தின் நான்காம் எழுத்து. உண்ணுதலைக் குறிக்கும் அத்- என்பதன் தகரம் மூன்றாம் எழுத்து. ஸ்லாவியத்தில் இவ்வேறுபாடு மறைந்து இரண்டும் ஒன்றாயின. ஆனால் மூச்சொலியற்ற அதிர்வொலிக்கு முன் நின்ற குறில், பால்டிய-ஸ்லாவிய மொழிகளில் நீண்டது. மூச்சொலியுடைய அதிர்வொலிக்கு முன் நீளவில்லை. 1978இல் வெர்னர் விண்டர் வெளியிட்ட இவ்விதி அவர் பெயராலேயே வழங்குகிறது. அதன் நிபந்தனைகள் பற்றிக் கருத்து வேறுபாடுகள் உள்ளன. எனினும் இச்சொல்லில் அது ஐயமின்றிப் பொருந்துகிறது. அமர்தலைக் குறிக்கும் வடமொழி ஸத்-, ஸ்லாவிய ஸேத்- என்பவற்றிலும் இந்நீட்சியைக் காணலாம். மறைந்த மெய் வேறுபாட்டை அதற்கு முன் நின்ற உயிர் காத்துத் தருகிறது.

வகுப்பின் சிதைவு

இவ்வளவு தெளிவான திரிபுடைய வகுப்பு ஏன் சிதைந்தது? மேலே தந்த வாய்பாட்டிலேயே இதற்கு விடை உள்ளது. எழுவாயிலும் இரண்டாம் வேற்றுமையிலும் இரு வகுப்புகளும் ஒரே ஈறு பெற்றன. இரண்டாம் வேற்றுமைப் பன்மையிலும் அவ்வாறே. ஒகர வகுப்பின் எழுவாய் ஈறு குறுகிய உகரமானது ஒலி விதியாலா, இரண்டாம் வேற்றுமையின் சாயலாலா என்பதில் இருவேறு கருத்துகள் உண்டு. நொவ்கொரோத் நகரில் 1951 முதல் அகழ்ந்தெடுக்கப்பெற்று வரும் பூர்ஜ மரப்பட்டைக் கடிதங்களில் ஒகர வகுப்பின் எழுவாய் ‘-எ’ ஈறு பெறுகிறது. ஆகவே இவ்வொன்றுபடுதல் எல்லா வட்டாரங்களிலும் ஒரே வகையில் நிகழவில்லை எனத் தெளியலாம். எவ்வாறாயினும், பெரும்பாலான கிளைகளில் ஒரு சொல்லின் எழுவாயைக் கேட்பவர் அது எவ்வகுப்பினது என்பதை உணர இயலாத நிலை தோன்றியது. ஆறு சொற்களும் ஆயிரக்கணக்கான சொற்களும் ஒரே தோற்றம் பெறும்போது சிறுபான்மை பெரும்பான்மையில் கரைவது இயல்பு. பழைய திருச்சபை ஸ்லாவியப் படிகளிலேயே உகர வகுப்புச் சொற்கள் ஒகர வகுப்பின் ஈறுகளை ஏற்றல் காணப்படுகிறது.

ஆயினும் கலப்பு ஒருவழியாக நிகழவில்லை. அதே படிகளில் கடவுளைக் குறிக்கும் பொகு, உலகைக் குறிக்கும் மீரு முதலிய ஒகர வகுப்புச் சொற்கள் பொகொவீ, மீரொவீ என உகர வகுப்பின் நான்காம் வேற்றுமை ஈற்றைப் பெறுகின்றன. சிறுவகுப்பின் ஈறு பெருவகுப்பிற்குள் புகுந்தமைக்குப் பின்வரும் காரணங்கள் கூறலாம்.

முதலாவது, பொருள் மயக்கம் தவிர்த்தல். ஒகர வகுப்பில் ஸ்தொலு என்னும் ஒரே வடிவம் ஒருமை எழுவாய், ஒருமை இரண்டாவது, பன்மை ஆறாவது ஆகிய மூன்றிற்கும் பொதுவாயிற்று. உகர வகுப்பின் ‘-ஒவு’ பன்மை ஆறாவதற்கே உரியது, மயக்கம் தராதது. எனவே அது பெருவகுப்பிற்குப் பரவியது. ருஷ்யத்தில் ‘-ஒவ்’, போலிஷிலும் உக்ரைனியத்திலும் அதன் திரிந்த வடிவங்கள், செக் மொழியில் அதுவே சுருங்கிய ‘-ஊ’ ஆகியன ஆண்பாற் பெயர்களின் பொது ஈறாக இன்று வழங்குகின்றன.

இரண்டாவது, உயர்திணைச் சார்பு. வகுப்பின் தலையாய சொல் ‘மகன்’ என்பது. கொடுத்தலும் சொல்லுதலும் மக்களை நோக்கியே மிகுதியும் நிகழ்வதால், நான்காம் வேற்றுமை ‘-ஒவீ’ ஆட்பெயர்களைப் பற்றிப் படர்ந்தது. இன்றைய செக் மொழியில் அது பெரும்பாலும் உயிருள்ளவற்றின் பெயர்களுக்கு உரியது. போலிஷ் மொழியில் ஆண்பாற் பெயர்கள் பெரும்பான்மைக்கும் பொதுவாயிற்று.

மூன்றாவது, பொருட்பெயர்ச் சார்பு. இங்குத்தான் *மெதுவின் பங்கு சிறப்பாகக் கருதத்தக்கது. எண்ணப்படாது அளக்கப்படும் பொருள்களின் பெயர்களில் ‘சிறிதளவு’ என்னும் பொருள்பட வரும் ஆறாம் வேற்றுமை, ருஷ்யத்தில் ‘-ஊ’ என்னும் ஈற்றை ஏற்றது. வகுப்பின் உறுதியான ஆறு சொற்களுள் அளவைப் பொருளின் பெயர் *மெது ஒன்றே. அது இவ்வழக்கிற்கு வழிகாட்டியாக இருந்திருத்தல் கூடும். 17ஆம் நூற்றாண்டில் ருஷ்யாவை அடைந்த தேநீரின் பெயராகிய சாய் என்பதும் ‘ஒரு கோப்பைத் தேநீர்’ என்னும் பொருளில் சாயு என இவ்வீறு பெறுகிறது. உகர வகுப்பு மறைந்து பல நூற்றாண்டுகள் கழித்து வந்த அயற்சொல் அவ்வகுப்பின் ஈற்றை ஏற்றது என்றால், அவ்வீறு எச்சமாக நில்லாது இயங்கும் ஈறாக இருந்தது என்பது வெளிப்படை.

தென் ஸ்லாவியத்தில் மாற்றம் வேறு வழியில் சென்றது. செர்பியத்தில் நகரத்தைக் குறிக்கும் கிராத் என்பதன் பன்மை கிராதொவி ஆகும். இங்கு ‘-ஒவ்-’ எழுவாயோடு நில்லாது பன்மை வேற்றுமைகள் அனைத்திலும் அடிக்கும் உருபிற்கும் இடையே வருகிறது. ஒரு காலத்தில் அடியின் பகுதியாக இருந்தது பின்னர் தனிப்பொருளற்ற இடைநிலையாயிற்று. தமிழிலக்கணத்தார் சாரியை எனக் கூறும் உறுப்போடு இதனை வகையால் ஒப்பிடலாம், தோற்றத்தால் உறவில்லை.

உடைமை குறிக்கும் ‘-ஒவ்’ என்னும் ஸ்லாவியப் பெயரடை விகுதியும் உகர அடிகளினின்று பிரிந்து வந்ததென்பதே பெரும்பான்மை அறிஞர் கருத்து. அதன்படி பாவ்லொவ் என்பது ‘பாவெலுடையது’ எனப் பொருள்படும். ருஷ்ய இலக்கியத்தின் வழித் தமிழர்க்கு அறிமுகமான குடும்பப் பெயர்கள் பலவற்றின் இறுதியில் அச்சிறு வகுப்பின் எச்சமே நிற்கிறது.

*மெதுவின் இன்றைய நிலை

10 முதல் 12ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தில் ஸ்லாவிய மொழிகள் குறுகிய உயிர்களை இழந்தன. சொல்லிறுதிக் குற்றுயிர் கெடும் என்பதும், அடுத்த அசையிலும் குற்றுயிர் வரின் முன்னது முழு உயிராகும் என்பதும் 1889இல் அந்தொனின் ஹாவ்லிக் வகுத்த விதியின் சாரம். அதன்படி *மெது ஈற்றுயிர் கெட்டு மெத் என்றாயிற்று. செக், ஸ்லொவாக், ஸ்லொவேனியம், செர்பியம், பல்கேரியம் ஆகியவற்றில் அடிப்படையில் இவ்வடிவமே உள்ளது. ருஷ்யத்தில் எகரம் திரிந்து மியோத் ஆயிற்று. போலிஷில் எழுவாய் மியுத், ஆறாவது மியொது. எழுவாயில் உகர ஒலியும் ஆறாவதில் ஒகரமும் வருவதேன் எனில், ஈற்றுக் குற்றுயிர் கெட்டபோது அதனை ஈடுசெய்ய முன்னின்ற உயிர் நீண்டு பின்னர் உகரமாகத் திரிந்தது. ஆறாவதில் ஈற்றுயிர் கெடாமையால் நீட்சி நிகழவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மறைந்த அரை மாத்திரை உகரம் இன்றும் தன் சுவட்டைக் காட்டுகிறது.

மியொது என்னும் போலிஷ் வடிவமும் மெது என்னும் செக் வடிவமும் மூல ஸ்லாவிய மெதூவின் நேர்வழியில் வந்தவை. செர்பியம் ஒகர வகுப்பைப் பின்பற்றி மெதா என்கிறது. ருஷ்யத்தில் பொது வழக்கு ஒகர வகுப்பினதாக இருக்க, சிறிதளவு குறிக்கும் ஆறாவதும், ‘தேனில்’ எனப் பொருள்படும் ஏழாவதும் பழைய ‘-ஊ’ ஈற்றைக் காக்கின்றன. எந்த மொழியும் பழைய திரிபை முழுமையாகக் காக்கவில்லை. எல்லா மொழிகளையும் சேர்த்து நோக்கினால் அத்திரிபின் பெரும்பகுதி மீள்கிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன:

1. *மெது இந்தோ-ஐரோப்பிய உகர ஈற்று நபுஞ்சகச் சொல்லின் வழிவந்தது. இறுதி மெய்களின் கேட்டால் ஆண்பாலாயிற்று.

2. அதன் உகர அடியை வடமொழி, லிதுவேனியத் திரிபுகளும், *மெத்வேதி என்னும் கூட்டுச்சொல்லின் வகரமும் ஒன்றையொன்று சாராது உறுதிப்படுத்துகின்றன.

3. எழுவாய் ஒன்றுபட்டமையால் உகர வகுப்பு கரைந்தது. அதன் ஈறுகள் மயக்கம் நீக்குதல், உயர்திணை, அளவைப் பொருள் என்னும் பயன்பாட்டுத் தேவைகளால் பெருவகுப்பிற்குப் பரவின.

4. எனவே, ஒரு வகுப்பின் மறைவையும் அதன் ஈறுகளின் மறைவையும் ஒன்றாகக் கருதுதல் தவறு.

இம்முடிவுகள் திராவிட ஒப்பியலார்க்கும் பயன்படத்தக்கவை. பர்ரோ, எமனோ ஆகியோர் 1961இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதி இனச்சொற்களைத் தொகுத்துத் தந்ததேயன்றி மூல வடிவங்களைத் தலைச்சொல்லாக நிறுவவில்லை. அப்பணி பின்னர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி முதலியோரால் முன்னெடுக்கப்பட்டது; அவரது 2003ஆம் ஆண்டு நூல் உருபுகளையும் விரிவாக ஆராய்கிறது. வேர்ச்சொற்களுக்குத் தரப்படும் அதே கவனத்தைச் சாரியைகளுக்கும் வேற்றுமை அடிகளுக்கும் தந்து, ஒவ்வொரு மொழியிலும் அவை இடம் மாறிய வழியைப் பின்தொடர்வது இத்துறையில் தொடர்ந்து நிகழவேண்டிய பணியாகும். *மெது தேனைக் குறித்தது என்பதை அதன் வேர் சொல்லும். அது யாரோடு ஓரினமாக நின்றது, எப்போது பிரிந்தது, பிரிந்தபின் எதனை விட்டுச் சென்றது என்பவற்றை அதன் ஈறுகளே சொல்கின்றன.